சேர்த்து வைத்த ஓட்டம்

அறைக்குள் பதினைந்து பேருக்கு மேல் இருந்தோம். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஏசி ஓடியும் அறை புழுங்கியது. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய விமானம் எங்கோ உச்சத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சுடவில்லை, இறங்கவில்லை, சும்மா சுற்றியது.

இரண்டடி தள்ளி இன்னொரு கம்ப்யூட்டர். அதில் பிரபு. பாலிடெக்னிக் மாணவர். அவருடைய விமானம் தரையை ஒட்டிச் சீறிக்கொண்டிருந்தது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தடித்த ஒயர் ஒன்று. அந்த ஒயர் வழியாகத்தான் இரண்டு பேரும் ஒரே வானத்தில் இருந்தார்கள்.

“எறங்கி வாங்கக்கா. அம்புட்டு ஒசரத்துல என்ன, கோயிலா கட்டப் போறீங்க?” என்றார் பிரபு.

அறையே சிரித்தது. உங்கள் அம்மா சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிடம்தான் பாக்கி.

பிள்ளைகளே, சென்ற வாரம் நான் ஆட்டு லாரி ஓட்டுவதை விட்டு மில் பஸ் ஓட்ட வந்ததோடு நிறுத்தியிருந்தேன். உங்கள் அம்மா மல்லிகா அன்றைக்கு ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம். ஆனால் அதற்கு முன்னால், அவள் அந்த நாற்காலியில் எதற்காக உட்கார்ந்தாள் என்று சொல்ல வேண்டும்.

ஒன்றாம் தேதிக்குள்

எண்பதுகளின் கடைசி. எந்த வருடம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கல்யாணமாகி ஒரு மழைக்காலம் போயிருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. சின்னாளப்பட்டியில் ஒரு ஓட்டு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். முன்பகுதியில் தறி ஓடும். காலையில் அந்தச் சத்தத்தில்தான் விழிப்போம்.

நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு பஸ் ஓட்டினேன். விடிந்தும் விடியாமலும் சின்னாளப்பட்டியில் ஆட்களை ஏற்றி, திண்டுக்கல் டவுன் வழியாக மில்லில் கொண்டுபோய் விட வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவன். உங்கள் அம்மா பிளஸ் டூ. அதோடு டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தாள். எழுத்துக் கட்டைகளைப் பார்க்காமலே அடிப்பாள். கண் ஒரு பக்கம் இருக்க, பத்து விரலும் தன் பாட்டுக்கு ஓடும்.

திண்டுக்கல் டவுனில் அவள் டைப்பிங் படித்த இடத்தை நடத்திய அருள் சார் அங்கே இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஜன்னலை அடைத்து, தரையில் விரிப்புப் போட்டு, ஏசி வைத்து, அந்த ஒரு அறையை மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கினார். கதவில் ‘செருப்பு, தூசி, விபூதி அனுமதி இல்லை’ என்று ஒரு அட்டை தொங்கியது. அதில் சேர வேண்டும் என்று மல்லிகாவுக்கு ஆசை. ஆனால் அங்கே கேட்ட பீஸ் எங்கள் வீட்டுக்கு ஆகிற பீஸ் இல்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அவளைக் கேட்காமலே மில் சூப்பர்வைசரிடம் சொல்லி, நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் அவளுக்கு ஒரு இடம் பிடித்துவிட்டேன். வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். மில் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாம் சாப்பிட்ட சோறு அந்த மில் போட்டது. ஆனால் கேட்காமல் செய்தது தப்பு. அதை இந்தத் தொடரில் ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

சொன்னபோது அவள் கோபப்படவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தைத் தட்டில் வைத்தாள். பிறகு, அருள் சார் ஒரு போட்டி வைக்கிறார், ஜெயித்தால் ஆறு மாதக் கோர்ஸ் இலவசம், நான் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

என்ன போட்டி என்றேன்.

“ஏரோப்ளேன் சண்டை” என்றாள், ஏதோ கோலப்போட்டி என்று சொல்வது போல. “தோத்தா ஒண்ணாந்தேதி உங்க பஸ்ஸுலயே ஏறி மில்லுக்கு வாரேன். அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

சந்தனம் பட்ட ஃப்ளாப்பி

அந்த விளையாட்டு ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. அப்பளம் மாதிரி வளையும் சதுரமான கறுப்புத் தகடு. அருள் சாரின் மச்சான் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் என்றாலே பயந்து ஓடுகிற ஆட்களை உள்ளே இழுக்கத்தான் சார் இந்தப் போட்டியை வைத்தார்.

பெயர் கொடுத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் பழக விடுவார். எதிராளி வேண்டுமே, அதனால் கூட ஒரு ஆளைக் கூட்டி வரலாம். நான்தான் எதிராளி.

போட்டி ஆயுத பூஜைக்கு மறுவாரம் என்று இருந்தது. பூஜையன்று டைப்பிங் மாணவர்கள் எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அட்டையில் விபூதி என்றுதானே போட்டிருக்கிறது, சந்தனத்தைச் சொல்லவில்லையே என்று யாரோ அந்த ஃப்ளாப்பிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் கம்ப்யூட்டர் அதைக் கடகடவென்று சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அருள் சார் கிறிஸ்தவர். பூஜைக்கு இடம் கொடுத்துச் சுண்டலும் வாங்கித் தின்றவர். யாரையும் திட்டவும் முடியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மெட்ராஸிலிருந்து இன்னொரு ஃப்ளாப்பி வர வேண்டும் என்று போட்டி இரண்டு வாரம் தள்ளிப்போனது. அது நாலு நாளிலேயே வந்துவிட்டதால் எங்களுக்குக் கூடுதலாக இரண்டு ஞாயிறு கிடைத்தது. அந்தச் சந்தனப் பொட்டை வைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

லாரிக்காரன் புத்தி

திரையின் கீழே இடது பக்கம் ஒரு எண். அது வேகம். வலது பக்கம் ஒரு எண். அது உயரம். அம்புக்குறிக் கட்டைகளை அழுத்தினால் மூக்கு ஏறும், இறங்கும், சாயும். வேறு இரண்டு கட்டை எஞ்சினைக் கூட்டும், குறைக்கும். நீளக் கட்டையை அழுத்தினால் சுடும். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வரும்.

முதல் ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வாலை ஒருவர் பிடிக்கச் சுற்றோ சுற்றென்று சுற்றினோம். சுற்றச் சுற்ற இரண்டு பேருக்கும் வேகம் குறைந்தது. கடைசியில் விமானம் நடுங்கி, மூக்கைக் கவிழ்த்து, கல் மாதிரி விழுந்தது. முதலில் நான் விழுந்தேன். பிறகு அவள் விழுந்தாள். யாரும் யாரையும் சுடவில்லை.

அப்போது எனக்கு அய்யலூர் ஆடுகள் ஞாபகம் வந்தன. அந்த ஊர்ச் சந்தையில் லாரி நிறைய ஆடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போவோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் அறுபது ஆடும் ஒரு பக்கமாகச் சாயும். வண்டி அப்படியே சோர்ந்துபோகும். பிறகு முதல் கியரில் போட்டு அழ வேண்டியதுதான். வளைவை அகலமாக எடுத்தால் ஓட்டம் கெடாது. அதே போல, ஏற்றத்தில் நின்றுகொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிரயோஜனம் இல்லை. ஏற்றம் வருவதற்கு முன்னாலேயே ஓட்டம் பிடித்திருக்க வேண்டும்.

இதை நான் வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிள் மிதித்துக்கொண்டே சொன்னேன். மல்லிகா பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தாள். காந்திகிராமம் தாண்டியதும் கேட்டாள்.

“அப்ப மேல ஏறுனா அந்த ஓட்டம் எங்க போகுது?”

குறைந்துபோகும், அவ்வளவுதான் என்றேன்.

“குறையல. உசரமா மாறிருது. எறங்கையில திரும்பக் குடுக்குதுல்ல? சேத்து வச்ச ஓட்டம் அது.”

இருபது வருடம் மலை ஏறி இறங்கினாலும் எனக்கு இப்படி ஒரு வரி வந்திருக்காது. நான் கைக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவள் சுற்றவே இல்லை. ஆட்டம் தொடங்கியதும் நேராக ஓடி வேகம் பிடிப்பாள். பிறகு மெதுவாக, மூக்கைக் கொஞ்சமாகத் தூக்கி, வேக எண்ணை ரொம்பவும் விழ விடாமல் ஏறிக்கொண்டே போவாள். என்னைவிட உயரத்துக்குப் போனதும் என் தலைக்கு மேல் வந்து விழுவாள். சுட்டுவிட்டு, அந்த இறக்கத்தில் வந்த வேகத்திலேயே மறுபடி மேலே போய்விடுவாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் ஏன் தோற்றேன் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் உயரத்துக்குப் போய்விட்டாலும், இறங்கும்போது என் விரல் தானாகப் போய் எஞ்சினைக் குறைத்துவிடும். எங்கள் லாரிக்காரர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். இறக்கம் கண்டால் வண்டியை நியூட்ரலில் தள்ளி டீசல் மிச்சம் பிடிப்போம். ரொம்பத் தப்பான, ஆபத்தான பழக்கம். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் எத்தனையோ வண்டி பள்ளத்தில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் யாரும் வண்டி ஓட்டினால் இதைச் செய்யாதீர்கள்.

“இங்க எந்த மொதலாளிக்கு டீசல் மிச்சம் புடிக்கிறீங்க?” என்று மல்லிகா கேட்டாள். பின்னால் நின்ற அருள் சார் இருமுவது மாதிரி சிரித்தார்.

ஆனால் நானும் ஒரே ஒரு தடவை ஜெயித்தேன். கடைசி ஞாயிறு. நான் மூக்கைத் தூக்கி, ஓட்டம் எல்லாம் செத்து, அந்தரத்தில் திணறிக்கொண்டிருந்தேன். அவள் மேலிருந்து முழு எஞ்சினோடு என் மேல் விழுந்தாள். இரண்டு குண்டு விட்டாள், பிசகியது. அதே வேகத்தில் என்னைத் தாண்டிப் போய் என் கண்ணுக்கு முன்னால் நின்றாள். நான் நீளக் கட்டையை அழுத்தினேன். அவள் விழுந்தாள்.

என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. மலை இறக்கத்தில் முன்னால் மாட்டு வண்டி போனால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். முட்டாமல் இருக்க வேகத்தைக் குறைப்பேன் என்றாள்.

“அதேதான். வெறும் ரோட்டுல கொறைக்காத. முன்னால ஆளு மெதுவா போனா மட்டும் கொற. அவன் பின்னாலயே நிக்கணும்ல.”

அவள் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுபடி பழகிப் பார்க்க நேரம் இல்லை. எங்கள் அரை மணி நேரம் முடிந்திருந்தது.

அவருக்கும் தரைக்கும் சண்டை

போட்டியில் எட்டுப் பேர். மல்லிகா ஒருத்திதான் பெண். முதல் இரண்டு பேரையும் அவள் சிரமமில்லாமல் ஜெயித்தாள். அவர்கள் இருவரும் கட்டையைக் குனிந்து தேடித் தேடி அமுக்கினார்கள். இவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கடைசியில் பிரபு. அவர் ஏற்கெனவே கோயமுத்தூரில் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடிப் பழகியவர். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் அவர் வேண்டுமென்றே இவளைச் சுற்றலுக்கு இழுத்தார். பதற்றத்தில் இவளும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சுற்றினாள். வேகம் செத்ததும் சுட்டுவிட்டார்.

இரண்டாவதில் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தவர் ஏதோ ஒரு கட்டையைத் தேடி அரை நொடி குனிந்தார். விமானம் தரையில் மோதியது. அறை முழுக்கச் சிரிப்பு.

“அது எனக்கும் தரைக்கும் நடந்த சண்டைக்கா. உங்களுக்கு அதுல பங்கு இல்ல” என்றார் பிரபு.

மல்லிகாவும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அந்தப் பேச்சு தைத்திருந்தது. புடவைத் தலைப்பில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது.

மூன்றாவதுக்கு முன் அருள் சார் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கால் மணி நேரத்துக்குள் யாரும் விழாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார். இரண்டு, ஒருவர் திரையைப் பார்த்து இன்னொருவருக்கு யாராவது வாய் திறந்தால், யாருக்காகப் பேசினார்களோ அவர்கள் தோற்றதாக அர்த்தம். இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

நான் இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்றிருந்தேன். எனக்கு இரண்டு திரையும் தெரியும்.

ஆறு நிமிடம்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். மல்லிகா மேலே. பிரபு கீழே, படுவேகமாக. மற்ற இரண்டு பேரை ஜெயித்ததைப் பார்த்தே இவள் உயரம் பிடிக்கிறவள் என்று அவர் கண்டுகொண்டிருந்தார். அதனால் ஏறாமல், வேகத்தை விடாமல், கீழேயே ஓடிக்கொண்டிருந்தார். அவ்வளவு வேகத்தில் போகிறவர் மேல் இவள் விழுந்தால் அவர் சட்டென்று திரும்பிவிடுவார். இவள் தாண்டிப் போய்விடுவாள். சேர்த்து வைத்த உயரமும் போய்விடும்.

பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள். பயமா இருக்கும் என்று ஒருவர் சொன்னார். சீட்டுக் குலுக்கலில் அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறாள் என்றார் இன்னொருவர். எனக்கே அப்படித்தான் தோன்றியது. சீட்டில் மில் வந்தால் என்ன செய்வது? நானே போய்ப் பிடித்து வைத்த இடம் அது.

நாலு நிமிடம். மூன்றரை.

மல்லிகாவின் வட்டம் கொஞ்சமும் மாறவில்லை. சீட்டு என்றால் சீட்டு என்று அவளுக்கு இருந்திருக்கலாம். ஆனால் பிரபுவுக்கு அப்படி இல்லை. இத்தனை பேர் முன்னால், அதுவும் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகியவர், சீட்டு எடுத்தா ஜெயிப்பது? அவர் மூக்கைத் தூக்கினார். கொஞ்சமாக இல்லை, செங்குத்தாக.

அவருடைய திரையின் இடது மூலையை நான் பார்த்தேன். வேக எண் இறங்க ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு மளமளவென்று. அந்த லாரி இனி திணறும். இன்னும் செத்த நேரத்தில் அறுபது ஆடும் பின் பலகையில் போய் மோதும். எனக்குத் தெரிகிறது. அவளுக்கு அந்த எண் தெரியாது. அவள் திரையில் அவர் ஒரு சின்னக் குச்சி மட்டும்தான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். அது நிஜம். அருள் சார் பார்த்தார்.

அவள் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சி பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு பெரிதாவது நின்றது. மூக்கு மேலே பார்த்தபடி அப்படியே தொங்கியது.

மல்லிகா கவிழ்ந்தாள்.

உயரத்தின் எண் சரசரவென்று குறைந்தது, வேகத்தின் எண் ஏறியது. இவ்வளவு நேரம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாகக் கொட்டியது. பாதி தூரத்தில், அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் நகர்ந்ததைப் பார்த்தேன். எஞ்சினைக் குறைத்தாள்.

“ஐயய்யோ, ஸ்பீட கொறைக்குது பாரு” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அவள் குறைத்துக்கொண்டே போய், திணறி நின்ற பிரபுவின் முதுகுக்குப் பின்னால், மாட்டு வண்டிக்குப் பின்னால் நிற்கிற மாதிரி நின்றாள். தாண்டவில்லை. அவசரப்படவும் இல்லை. நீளக் கட்டையை ஒரு தடவை அழுத்தினாள். தகர டப்பாவில் வண்டு கத்தியது.

பிரபுவின் விமானம் கவிழ்ந்து விழுந்தது. பிறகு பிரபு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“இது தரை இல்லக்கா, நீங்கதான்” என்றார். “எங்க பழகுனீங்க?”

“ஆட்டு லாரியில” என்றாள் உங்கள் அம்மா.

நான் துண்டை வாயிலிருந்து எடுத்தேன்.

பாலத்து இறக்கம்

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், மல்லிகா வரவில்லை என்று சொன்னேன். விளையாடி ஜெயித்துப் படிக்கப் போகிறாளாமே, ஊரில் நடக்காத அதிசயமாக இருக்கிறது என்றார். பிறகு, டவுன் வரைக்கும் நம் பஸ்ஸிலேயே வரட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

ஒன்றாம் தேதி காலையில் அவள் என் பஸ்ஸில் ஏறினாள். சொன்ன மாதிரிதான், ஆனால் கையில் சாப்பாட்டுத் தூக்குக்குப் பதில் நோட்டு. எனக்குப் பின் சீட்டில் கோன் சுற்றும் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பல் தேய்த்த பொடி வாசமும் மல்லிகைப்பூ வாசமும் பஸ் முழுக்க இருந்தது. நான் கண்ணாடியில் இரண்டு தடவை அவளைப் பார்த்தேன். கேட்காமல் இடம் பிடித்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை.

டவுனில் ரயில்வே பாலம் ஏறினோம். ஏற்றத்துக்கு முன்னாலேயே ஓட்டம் பிடித்து ஏறினேன். உச்சியில் வெயில் அப்போதுதான் மலைக்கோட்டைப் பாறை மேல் விழுந்திருந்தது. இறக்கம் தொடங்கியது. ரோடு காலியாகக் கிடந்தது. என் கை அதன் பாட்டுக்குக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது.

பின்னாலிருந்து குரல் வந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக.

“ஏங்க. முன்னால யாரும் இல்ல.”

நான் கியரைத் திரும்பப் போட்டேன்.